சுவரோர மேசை: ஹேட்டி மெக்டேனியலும் வேலைக்காரி வேஷமும்

1

1940 பிப்ரவரி 29ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அம்பாசடர் ஓட்டலின் விருந்துக் கூடத்தில் ஆஸ்கார் விழா நடந்தது. 'கான் வித் த விண்ட்' படத்தைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், நாயகி விவியன் லீ, துணை நடிகைக்கான பரிசுப் பட்டியலில் இருந்த ஒலிவியா டி ஹாவிலண்ட். அதே படம், அதே பரிசுப் பட்டியல், ஆனால் இன்னொரு நடிகைக்கு மட்டும் சுவரோரமாக ஒரு சின்ன மேசை. துணைக்கு வந்தவரோடும் தன் ஏஜெண்டோடும் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அந்த ஓட்டலில் கறுப்பர்களை விருந்தினராக விடுவதில்லை. செல்ஸ்னிக் சொல்லி அனுமதி வாங்கியதால்தான் அவர் உள்ளேயே வர முடிந்தது.

பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. ஹேட்டி மெக்டேனியல். ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். நடிப்புக்காக இன்னொரு கறுப்பினப் பெண் அந்தப் பரிசை வாங்குவதற்கு 51 ஆண்டுகள் ஆயின. 1991இல் ஊப்பி கோல்ட்பர்க் வாங்கினார்.

'என்ன அநியாயம் பாருங்கள், திறமைக்குப் பரிசு கொடுத்துவிட்டு மனுஷிக்கு இடம் கொடுக்கவில்லையே' என்று நல்ல மனசுள்ளவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்து வருத்தப்படுவார்கள். வருத்தப்படட்டும். ஆனால் பரிசும் மேசையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை என்று நினைத்தால் நாம் ஏமாந்துபோகிறோம். மேசையைச் சுவரோரம் தள்ளிய ஒழுங்கும் பரிசைக் கொடுத்த ஒழுங்கும் ஒன்றேதான். எந்த வேஷத்துக்குப் பரிசு என்று கேட்டால் இது விளங்கும். தன் எஜமானியம்மாவின் குடும்பத்தை உயிருக்கு உயிராக நேசிக்கிற அடிமை வேஷத்துக்கு. தன் இடம் எதுவென்று தெரிந்த ஒருத்தியாக நடித்ததற்கு, அவருடைய இடத்தில் உட்காரவைத்தே பரிசு கொடுத்தார்கள்.

ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் மெக்டேனியலை நாமும் ஒருமுறை சுவரோரம் தள்ளியவர்களாவோம். அவரை வெறும் பலியாகவோ வெறும் கைக்கூலியாகவோ பார்க்கிற இரண்டு வாசிப்புகளுமே அவர் செய்த வேலையைப் பார்ப்பதில்லை.

2

முதலில் அந்த வேஷத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அதற்கு 'மேமி' என்று பெயர். தமிழில் 'மாமி' என்று எழுதித் தொலைத்துவிடக் கூடாது. நம்மூர் மாமி வேறொரு சமையலறைக்குச் சொந்தக்காரி. மேமிக்கு எந்தச் சமையலறையும் சொந்தமில்லை. வெள்ளைக்காரக் குழந்தைகளை வளர்க்கிற கறுப்பு ஆயா அவள். பருத்த உடம்பு, தலையில் கட்டிய துணி, அதட்டுகிற குரல், வற்றாத பாசம். அவளுக்கென்று புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஊர் இல்லை. காமம் என்பது அறவே இல்லை. 'கான் வித் த விண்ட்' படத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை, வெறும் மேமி.

இந்த உருவம் வானத்திலிருந்து குதித்ததல்ல. அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகுதான் மேமியின் செல்வாக்கு கொடிகட்டிப் பறந்தது. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், அடிமையாகப் பிறந்த நேன்சி கிரீன் என்கிற பெண்ணை 'ஆண்ட் ஜெமைமா'வாக நிறுத்தி அப்பமாவு விற்றார்கள். அந்த முகமும் பெயரும் மாவு டப்பாக்களில் நூறாண்டுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. 2020இல் எழுந்த கறுப்பர் போராட்டங்களுக்குப் பிறகுதான் அவற்றைக் கைவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. மெக்டேனியல் பிறந்ததும் அதே 1893தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கறுப்பர்களைக் கும்பல் கூடி அடித்துக் கொல்வதைத் தடுக்க ஒரு மசோதா 1922இல் அமெரிக்க மக்களவையில் நிறைவேறியது. செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே அதைச் சாகடித்தார்கள். சில மாதம்கூட ஆகவில்லை, 1923 பிப்ரவரியில் அதே செனட் வேறொரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. விசுவாசமுள்ள மேமிகளுக்குத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு நினைவுச் சிலை எழுப்பும் மசோதா. கறுப்புப் பத்திரிகைகளும் கறுப்புப் பெண்கள் சங்கங்களும் கடுமையாக எதிர்த்ததால் மக்களவையில் அது கிடப்பில் போனது. உயிரோடிருக்கும் கறுப்பர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, கல்லால் செய்த கறுப்புத் தாய்க்கு மரியாதை உண்டு. மேமி என்கிற கதையாடலின் சாரம் இதுதான். அடிமைகள் எங்களை நேசித்தார்கள் என்று நிறுவிவிட்டால் அடிமைமுறை குற்றமாக இருக்க முடியாதல்லவா? ஆண்டைக்கு எப்போதும் தேவைப்படுவது அடிமையின் உழைப்பு மட்டுமில்லை. அவனுடைய அன்பும் தேவைப்படுகிறது. உழைப்பைச் சாட்டையால் வாங்கலாம். அன்பை அப்படி வாங்க முடியாது என்பதால் கதையில், பாட்டில், சினிமாவில் உற்பத்தி செய்துகொள்கிறார்கள்.

3

இந்த உற்பத்தியில் கூலிக்குச் சேர்ந்த பெண்ணின் கதை வேறு மாதிரியானது.

மெக்டேனியலின் அப்பாவும் அம்மாவும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அப்பா ஹென்றி உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சேர்ந்து அடிமைமுறைக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தியவர். போரில் பட்ட காயத்துக்கான ஓய்வூதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். மகள் பின்னால் புகழ்பெற்றதோ, தோற்ற தெற்குக்காக ஒப்பாரி வைக்கிற படத்தில். அப்பா எந்தப் படையை எதிர்த்துச் சண்டை போட்டாரோ அந்தப் படையின் வீட்டுக்காக அழுகிற வேஷம். இதைவிடக் கொடூரமான நகைமுரணை எந்தக் கதாசிரியரும் யோசித்திருக்க முடியாது.

கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் பிறப்பு, 13 குழந்தைகளில் கடைசி. கொலராடோவில் வளர்ந்தார். அண்ணன்களோடும் அக்கா எட்டாவோடும் ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் கூத்தும் நடத்தினார். 1914இல் எட்டாவும் அவரும் பெண்களை மட்டுமே வைத்து ஒரு கேலிக்கூத்துக் குழு நடத்தினார்கள். கறுப்பர்கள் கூடிய அரங்குகளில் மேமியையே கேலி செய்து ஆடியவர் அவர் என்பதை மறந்துவிடக் கூடாது. பிற்பாடு தான் போட்ட வேஷம் ஒரு வேஷம்தான் என்பது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். 1920களின் நடுவில் டென்வர் வானொலியில் பாடினார். 1926க்கும் 1929க்கும் இடையில் தானே எழுதிய புளூஸ் பாட்டுகளையும் இசைத்தட்டில் பதிவு செய்தார்.

1929இல் பொருளாதாரம் சரிந்தது. மில்வாக்கி பக்கத்து இரவு விடுதி ஒன்றில் அவருக்குக் கிடைத்த வேலை, பெண்கள் கழிப்பறையில் துண்டு எடுத்துக்கொடுப்பது. அங்கிருந்துதான் ஒருநாள் மேடையேறிப் பாடினார். 1931இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த பிறகு வானொலி நிகழ்ச்சியில் பேர் வாங்கினார். ஆனால் அந்தச் சம்பளம் கட்டுப்படியாகாமல் வீட்டுவேலையும் செய்தார். வானொலியிலும் அப்புறம் சினிமாவிலும் வேலைக்காரி வேஷம். வேஷம் கலைத்த பிறகும் வேலைக்காரி. வாரம் 700 டாலருக்கு வேலைக்காரியாக நடிக்காவிட்டால் வாரம் 7 டாலருக்கு வேலைக்காரியாகவே இருக்கணும் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு பல வடிவங்களில் வழங்குகிறது. அதைச் சாமர்த்தியமான பதில் என்று ரசிக்கிறோம். அதில் இருக்கிறது ஒரு கணக்கு. 7 டாலர் வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தவர் போட்ட கணக்கு. கறுப்புப் பெண்ணுக்கு அன்றைய அமெரிக்கா விட்டுவைத்திருந்த வேலைகளில் பெரும்பகுதி வீட்டுவேலை, இல்லாவிட்டால் வயல்வேலை. இந்தக் கணக்கைப் போடாமல் அவரை விமர்சிக்க யாருக்கும் யோக்யதை கிடையாது.

4

நடிப்பைப் பார்ப்போம். கொள்கை பேசுகிற நாம் பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பதில்லை.

1935இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய 'ஆலிஸ் ஆடம்ஸ்' படம். ஏழைப்பட்ட வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று பணக்காரப் பையனை வளைத்துப்போட விருந்து வைக்கிறது. பணக்காரர்கள் போலக் காட்டிக்கொள்ள ஒரே நாளுக்கு ஒரு கறுப்பு வேலைக்காரியைக் கூலிக்குப் பிடிக்கிறார்கள். அந்த மலீனா வேஷத்தில் மெக்டேனியல். புழுங்குகிற ராத்திரியில் சூடான சூப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார். வாயில் சூயிங்கம். தலையில் மாட்டிவிட்ட வெள்ளைத் தொப்பி நழுவி நழுவி விழுகிறது. முகத்தில் எந்தப் பணிவும் இல்லை, எந்தக் கோபமும் இல்லை. கேதரின் ஹெப்பர்ன் என்னென்னவோ பேசிச் சமாளிக்கப் பார்க்கிறார். மலீனா ஒவ்வொரு தடவை கதவைத் திறந்துகொண்டு வரும்போதும் அந்தக் குடும்பத்தின் பொய் கொஞ்சம் கொஞ்சமாக உரிகிறது. கறுப்பி சோம்பேறி, மந்தம் என்கிற பழைய கேலிதான் திரைக்கதையில் இருப்பது. ஆனால் படத்தில் நாம் பார்ப்பது வேறு. கூலிக்கு உடம்பைத்தான் வாங்கலாம், மரியாதையை வாங்க முடியாது என்பதை ஒரு பெண் மெதுவாக நடந்தே சொல்லிவிடுகிறார்.

'கான் வித் த விண்ட்' இன்னும் சிக்கலானது. மேமி அந்த வீட்டின் ஒழுக்கப் போலீஸ். வெள்ளைக்காரப் பெண் எப்படி உடுத்தணும், எவ்வளவு சாப்பிடணும், யாரைப் பார்த்துச் சிரிக்கணும் என்பதெல்லாம் வீட்டுக்காரர்களைவிட அவளுக்குத்தான் அத்துப்படி. அடிமைமுறையின் விதிகளை அடிமையே காவல் காக்கிறாள். ஆதிக்கம் இப்படித்தான் தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறது என்று நாம் படித்ததற்கெல்லாம் உதாரணம். சரி. அதே சமயம், வெள்ளைக்காரியின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிற ஒரே ஆள் அந்தப் படத்தில் அவள்தான். ஸ்கார்லெட் யாருக்கு வலைவீசுகிறாள் என்பதை மேமியின் கண்கள் முதலிலேயே கண்டுபிடித்துவிடுகின்றன. அந்தக் கண்ணசைவு வசனத்தில் எழுதியதல்ல, மெக்டேனியல் கொண்டுவந்தது.

அப்புறம் அந்த மாடிப்படிக் காட்சி. குழந்தை செத்துப்போயிருக்கிறது. அந்தச் சாவுக்குப் பிறகு புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் குத்திக் கிழித்துக்கொண்டதை மெலனியிடம் சொல்லிக்கொண்டே மேமி படியேறுகிறாள். சண்டையை நமக்குக் காட்டுவதில்லை. வெள்ளை நாயகனும் நாயகியும் செய்ய வேண்டிய நடிப்பு முழுவதையும் ஒரு கறுப்பு வேலைக்காரியின் தொண்டையில் ஏற்றிவைத்துவிட்டார் இயக்குநர். மெக்டேனியல் அதைச் சுமந்துகொண்டு ஏறுகிறார். பிறத்தியாரின் துக்கத்தைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் தந்திருக்கிறது படம். தன் துக்கம் என்று ஒன்று அவளுக்கு இருக்கக்கூடும் என்கிற சந்தேகமே படத்துக்கு வரவில்லை. ஆனால் அந்த அழுகையைக் கேட்கிறவர்களுக்கு வரும். இவ்வளவு அழத் தெரிந்தவளுக்கு எங்கேயோ ஒரு குழந்தை செத்திருக்க வேண்டும் என்று தோன்றும். பிரதியை மீறி நடிகையின் உடம்பு பேசுகிற இடம் இது.

அந்தப் படம் 1939 டிசம்பர் 15ஆம் தேதி அட்லாண்டாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கறுப்பு நடிகர்கள் யாரும் அங்கே போக முடியவில்லை. ஜார்ஜியா மாநிலச் சட்டப்படி கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக் கூடாது. அதற்கு முந்தின ராத்திரி நடந்த கொண்டாட்டத்தில் எபனேசர் பாப்டிஸ்ட் சர்ச் பாடகர் குழு அடிமை உடையில் வந்து பாடியது. அந்தக் குழுவில் 10 வயசுப் பையன் ஒருவன் இருந்தான். பேர் மார்ட்டின் லூதர் கிங். அடிமையாக நடிக்க வெள்ளைக்காரர்கள் கேட்டால் சர்ச்சும் சம்மதித்த காலம் அது. பிற்காலத்தில் அந்தப் பையன் என்ன செய்தான் என்பது நமக்குத் தெரியும். வேஷம் போட்டவர்கள் எல்லாம் அந்த வேஷமாகவே ஆகிவிடுவதில்லை.

5

மெக்டேனியலை மிகக் கடுமையாகத் தாக்கியவர்கள் வெள்ளையர்கள் அல்ல. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் தலைவர்களில் முக்கியமானவரான வால்ட்டர் வைட் 1942இல் ஹாலிவுட்டுக்கே வந்து ஸ்டுடியோ முதலாளிகளோடு பேசினார். கறுப்பர்களை வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் காட்டுவதை நிறுத்துங்கள் என்பது கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் மெக்டேனியலுக்கு இடம் இல்லை. வேலைக்காரி வேஷம் போட்டே வயிறு வளர்த்த நடிகர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

வைட் சாதாரண ஆள் இல்லை. கறுப்பர்களைக் கும்பல் கொன்ற ஊர்களுக்கு வெள்ளைக்காரர் மாதிரிப் போய் உண்மைகளைத் திரட்டிக்கொண்டு வந்தவர். அவருக்கு நீலக் கண், வெளிர் தலைமுடி, வெள்ளைத் தோல். அந்தத் தோலைச் சமூகத்துக்காகப் பணயம் வைத்த வீரர். ஆனாலும் தோலின் அரசியல் அவரையும் விடவில்லை. திரையில் அவர் முன்னிறுத்த நினைத்த புதிய கறுப்பர் வெளிர்நிறத்தவர், படித்தவர், நாகரிகமானவர். 1942இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஒப்பந்தமான லீனா ஹார்ன் அதற்குப் பொருத்தமாக இருந்தார். வேலைக்காரி வேஷம் தரக்கூடாது என்று பேசி முடித்துத்தான் ஒப்பந்தம் போட்டார்கள்.

என்ன நடந்தது? ஹார்னுக்கு அழகான உடைகள் கிடைத்தன. தனியாக நின்று பாடுகிற காட்சிகள் கிடைத்தன. கதைக்குள் பெரும்பாலும் வேலை எதுவும் கிடைக்கவில்லை. தென்மாநிலத் தியேட்டர்காரர்கள் கத்திரியை எடுத்து வெட்டி எறிவதற்கு வசதியாக அந்தக் காட்சிகளைத் தனித்தனியாக எடுத்திருந்தார்கள். வேலைக்காரியை வெட்ட முடியாது. அவள் போனால் கதையே நகராது; காப்பி யார் கொண்டுவந்து தருவது, கதவை யார் திறப்பது? கௌரவமான கறுப்பழகியை வெட்டலாம். அவள் இல்லாமலும் படம் ஓடும். வேலைக்காரி வேஷத்துக்கு மாற்றாகக் கௌரவமான வேஷம் கேட்டவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். கதை யாருடையது என்பது மாறாமல் வேஷத்தை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும். (புதிதாக வந்த ஹார்னை மெக்டேனியல் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ஆறுதலும் தைரியமும் சொன்னார் என்று ஹார்னே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். தலைவர்கள் எதிரெதிராக நிறுத்திய இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் எதிரிகளாக இருக்கவில்லை.)

இதற்காக வைட் சொன்னதெல்லாம் தவறு என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மேமியின் பிம்பம் கறுப்பர்களின் தலையில் தினமும் இறங்கிய அடி. கருப்பொருள் நடிகையின் கௌரவம் மட்டுமல்ல, தியேட்டரின் மேல்மாடியில் தனியாக உட்கார்ந்து படம் பார்த்த கறுப்புச் சிறுமியின் மனசும்தான். கறுப்புப் பெண் பார்வையாளர் எதிர்த்துப் பார்க்கிற பார்வை பற்றி பெல் ஹூக்ஸ் 1992இல் எழுதியது இந்த விவாதத்தை வேறு தளத்துக்கு எடுத்துப்போனது. ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். 'இந்த வேஷம் எங்களை அவமானப்படுத்துகிறது' என்று சொல்வது வேறு. 'வேலைக்காரியாக இருப்பதே அவமானம்' என்று சொல்வது வேறு. இரண்டாவதைச் சொல்கிறவர், லட்சக்கணக்கான கறுப்புப் பெண்கள் தினமும் செய்த வேலையைப் பார்த்து முகம் சுளிக்கிறார். அந்தச் சுளிப்பு படித்த நடுத்தர வர்க்கத்தின் சுளிப்பு. விடுதலை பேசும்போதும் அது கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

6

வானொலியும் தொலைக்காட்சியும் வந்த கதை இன்னும் விசித்திரம். 'பியூலா' என்று ஒரு வேலைக்காரிப் பாத்திரம் 1940களில் அமெரிக்க வானொலியில் வெகு பிரபலம். அந்தக் கறுப்புப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்கிற வெள்ளைக்கார ஆண். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த ரசிகர்கள், வெள்ளைக்கார ஆண் ஒருத்தர் சட்டென்று மைக் பக்கம் திரும்பிக் கறுப்புப் பெண்ணாகப் பேசுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். 1946இல் ஹர்ட் செத்துப்போனார். இன்னொரு வெள்ளைக்கார ஆண் வந்தார். 1947 நவம்பரில்தான் மெக்டேனியல் பியூலாவானார். தேசிய வானொலி வலைப்பின்னலில் ஒரு தொடரின் நாயகியான முதல் கறுப்புப் பெண் அவர். வாரத்துக்கு 1000 டாலர். கொச்சைக் கறுப்புப் பேச்சு பேச முடியாது என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

இதை எப்படி வாசிப்பது? வெள்ளைக்காரன் கறுப்பியைப் பார்த்துச் செய்த நகலை, நிஜக் கறுப்பி வந்து நகலெடுக்க வேண்டியிருந்தது. வெள்ளை மனசில் இருந்த 'கறுப்பி'தான் அசல். ரத்தமும் சதையுமான கறுப்புப் பெண் அதற்குப் போலி. தன்னைப் பற்றிய பிறர் கற்பனைக்குள் புகுந்து வாடகை கொடுத்துக் குடியிருக்கிற நிலை. ஆனால் புகுந்தவர் சும்மா இருக்கவில்லை. ஒரு ஆணின் கேலிக்குரலை வெளியேற்றினார். கொச்சையை வெளியேற்றினார். மிச்சமிருந்த வேலைக்காரியை வெளியேற்ற அவரால் முடியவில்லை.

1950இல் 'பியூலா' தொலைக்காட்சிக்கு வந்தது. முதலில் நடித்தவர் எதல் வாட்டர்ஸ். 1951இல் மெக்டேனியல் ஆறு பகுதிகள் நடித்தார், பிறகு உடம்பு படுத்துக்கொண்டது. லூயிஸ் பீவர்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். 1952 அக்டோபர் 26இல் மார்பகப் புற்றுநோயால் மெக்டேனியல் இறந்தார். 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்று ஃபனான் புத்தகம் போட்டதும் அந்த ஆண்டில்தான்.

7

எதல் வாட்டர்ஸ், ஹேட்டி மெக்டேனியல், லூயிஸ் பீவர்ஸ். அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைக்கு வேலைக்காரியாக வந்துபோன மூன்று பேர். இந்த மூன்று பேருக்கும் இன்னொரு பொதுவான விஷயம் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் பகுதியில், சுகர் ஹில் என்று கறுப்பர்கள் அழைத்த மேட்டில், மூன்று பேரும் பெரிய வீடு வாங்கிக் குடியிருந்தார்கள். அந்த மனைகளைக் கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள் வெள்ளைக்காரர்கள். அதைக் காட்டி இவர்களை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். மெக்டேனியல் அக்கம்பக்கத்துக் கறுப்புக் குடும்பங்களைத் தன் வீட்டில் கூட்டிக் கூட்டிப் பேசினார். லோரன் மில்லர் என்கிற கறுப்பு வழக்கறிஞர் வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க் அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தத்தைச் சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னது 1948இல்தான்.

திரையில் பிறத்தியார் வீட்டைத் துடைத்துச் சம்பாதித்த காசில் வாங்கிய வீட்டுக்காக, வீட்டு உரிமைச் சட்டத்தையே அசைத்துப் பார்த்தவர்கள் இவர்கள். அடிபணிந்தவள் என்று அவரைச் சொல்கிறவர்கள் இந்த வழக்கையும் ஒரு பிரதியாக வாசித்துவிட்டுச் சொல்லட்டும். (1960களில் அந்த மேட்டின் வழியாகத்தான் நெடுஞ்சாலை போட்டார்கள். கறுப்பர் குடியிருப்புகளின் மீது சாலை போவது எந்த ஊரிலும் தற்செயல் இல்லை.)

செத்த பிறகும் மேசை சுவரோரம்தான் இருந்தது. ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார். கறுப்பர் என்பதால் மறுத்துவிட்டார்கள். ரோஸ்டேல் கல்லறையில் புதைத்தார்கள். ஆஸ்கார் பரிசை ஹவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். அன்று துணை நடிகர்களுக்குச் சிலை கிடையாது, ஒரு பட்டயம்தான். சொத்தை மதிப்பிட்டவர்கள் அதற்கு மதிப்பே இல்லை என்று குறித்தார்கள். எப்படியோ பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்த பட்டயம் பிற்பாடு காணாமல் போனது. 1960களின் கடைசியில் கோபக்கார கறுப்பு மாணவர்கள் அதைப் பொட்டோமக் ஆற்றில் எறிந்துவிட்டார்கள் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கதையை ஏன் எல்லோரும் இவ்வளவு சுலபமாக நம்பினார்கள்? போராடுகிறவன் தன் தாயின் உழைப்பை ஆற்றில் எறிவான் என்று நம்புவது ஆதிக்கத்துக்கு வசதி. நமக்கும் சில நேரம் வசதி.

ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு 1999இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 2020 ஜூனில் 'கான் வித் த விண்ட்' படத்தை எச்.பி.ஓ. மேக்ஸ் சில நாள் எடுத்துவிட்டு, பிறகு ஒரு விளக்க உரையோடு திரும்பப் போட்டது. 2023 அக்டோபரில் அகாதமி காணாமல் போன பட்டயத்துக்குப் பதிலாக வேறொன்றை ஹவர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. நிறுவனங்கள் தங்கள் குற்றங்களைச் செத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கழுவிக்கொள்கின்றன. உயிரோடிருப்பவர்களுக்குக் கதையில் பங்கு கொடுப்பதைவிட அது செலவு குறைவான காரியம்.

8

இதெல்லாம் நமக்கு எதற்கு? 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அவர்களுடைய விவாதங்கள் நம்முடையவையும்தான். வால்ட்டர் வைட் எழுப்பிய கேள்வி இங்கேயும் எழுந்தது. அழுக்கை எழுதாதே, சேரியைக் கேவலமாகக் காட்டாதே, நல்ல பிம்பம் கொடு என்று சொன்னவர்கள் நம் பக்கத்திலும் உண்டு.

ரோஸியை நினைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தின் முதல் படமான ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' படத்தில் நாயகியாக நடித்த தலித் பெண். நாயர் பெண்ணாக வேஷம் போட்டாள் என்பதற்காகத் திருவனந்தபுரத்திலிருந்து துரத்தப்பட்டு, நாகர்கோவில் பக்கம் வந்து பெயரில்லாமல் வாழ்ந்து முடிந்தார். தன் இடத்தை மீறி நடித்தவருக்குக் கல்லடி. தன் இடத்தை நடித்துக் காட்டியவருக்குச் சுவரோர மேசையும் பட்டயமும். தண்டனையும் பரிசும் ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகள்.

ஆகவே, 'ஏன் அந்த வேஷத்தைப் போட்டாய்?' என்று மெக்டேனியலைக் கேட்பதில் ஒரு புண்ணியமும் இல்லை. அந்தக் கேள்விக்கு அவர் 7 டாலர் கணக்கில் பதில் சொல்லிவிட்டார். கேட்க வேண்டியது கதை எழுதுகிறவனை, கத்திரி வைத்திருக்கிறவனை, ஓட்டல்காரனை. நம் பக்கத்துத் தலைவர்களைப் பார்த்தும் ஒன்று கேட்கணும்: அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, வேஷம் போடுகிறவளுக்கும் அந்த மேசையில் ஒரு நாற்காலி போடுவீர்களா?